கறிக்கேக்கில் விழுந்த விரிசல்

ஒரு ஆயுத பூஜைக்கு என் வீட்டுக்காரருக்கு அவருடைய கம்பெனி ஓவன் கொடுத்தது. வருஷம் பூரா இரும்பு உருக்குகிற உலைக்கு முன்னால் நிற்கிற மனுஷனுக்கு, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக இன்னொரு சின்ன உலை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எவர்சில்வர் குடம் கொடுத்திருந்தாலாவது தண்ணீர் பிடிக்கலாம் என்றேன். அவர் அட்டைப்பெட்டியோடு அதை பீரோவின் மேல் ஏற்றிவிட்டார். ஒரு வருஷம் அது அங்கேயே கிடந்து கரும்பொடி பூசிக்கொண்டது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் பக்கம் அந்தப் பொடி இல்லாத வீடு கிடையாது. காலையில் துடைத்த இடத்தில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம்.

அவர் மெல்டர். பழைய இரும்பை உலையில் போட்டு உருக்கி அச்சில் ஊற்றுகிற இடத்தில் அவர்தான் மூத்தவர். ஒவ்வொரு தடவையும் உலை காலியானதும், தழல் கண்ணைக் கூசாமல் இருக்க நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார். உலையின் உள்சுவரில் ஒரு பூச்சு இருக்கும், லைனிங் என்பார்கள். அதில் விரிசலோ தேய்ந்த இடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் வலது கையைத் தூக்குவார். அந்தக் கை எழுந்தால் கிரேன் அடுத்த சுமையைக் கொண்டுவரும். 'நல்லாப் பாத்தியா' என்று யாரும் கேட்க மாட்டார்கள், சூப்பர்வைசர் உட்பட. மெல்டரின் கையைக் கேள்வி கேட்பது அங்கே வழக்கம் இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு ஒரு சுற்று பெருக்கும்.

அந்த மழைக்காலத்தில் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, கொழுப்பை நிறுத்தச் சொன்னார். நாங்கள் ஞாயிறு தவறாமல் மாட்டுக்கறி எடுக்கிறவர்கள். கொழுப்புத் துண்டுகள் இல்லாத வறுவலை அவர் கறி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கிப் போயிருக்கும் என் மகள், இதைக் கேட்டதும் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். கொழுப்பில்லாத கைமாவும் காய்கறியும் பிசைந்து, ரொட்டி மாதிரி வடிவம் கொடுத்து, மேலே இனிப்பும் புளிப்புமாகப் பாகு பூசி ஓவனில் வேகவைப்பது. மீட்லோஃப் என்று பெயர். அவர் ஒரே பார்வையில் அதற்குக் கறிக்கேக் என்று பெயர் வைத்தார். ஓவன் பீரோவிலிருந்து இறங்கியது அப்படித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு இருந்தது. சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற முறை அவருடையது. பெயரைக் கூப்பிட்டதும் தொண்டையைத் தொட்டுக் காட்டி, பக்கத்தில் இருந்தவரிடம் பைபிளைத் தள்ளிவிட்டார். வெளியே வந்ததும் தொண்டை நன்றாகவே பேசியது. என்ன இது என்று கேட்டேன். சின்ன எழுத்து, வெளிச்சம் போதவில்லை என்றார். உள்ளே எல்லா ட்யூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கறிக்கடையிலும் ஒரு மாதிரியாக இருந்தது. எப்போதும் கடைக்காரரோடு சண்டை போட்டு, எந்தத் துண்டு எங்கே வெட்ட வேண்டும் என்று விரலை நீட்டிக் காட்டி வாங்குகிறவர், அன்று குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றுவிட்டார். நீயே பார்த்து வாங்கு என்றார். தொடைக்கறியில் கொழுப்பை எல்லாம் சீவி எடுத்துவிட்டுக் கைமா போடச் சொன்னேன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்று அவர் பைக் ஓட்டுவதையே நிறுத்தியிருந்தார். அதற்குக் காரணம் இப்போதைய லாரிகளின் விளக்கு. டம்ளருக்கு வெளியே டீ ஊற்றினால் அதற்குக் காரணம் டம்ளர். நானும் வயசு என்று சொல்லி விட்டிருந்தேன். அன்று காலை மட்டும் அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரோடு உலையில் வேலை செய்கிற தம்பி வந்திருந்தான். என்னை அண்ணி என்றும் அவரை அண்ணன் என்றும் கூப்பிடுகிறவன், கூடப் பிறந்தவன் இல்லை. இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் பைக்கை நிறுத்தியதிலிருந்து வேலைக்கு அழைத்துப்போய் அழைத்து வருவது அவன்தான். அவன் மனைவிக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடித்து, முந்தின நாள் சனிக்கிழமை லீவு போட்டு, ஊத்துக்கோட்டையில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். தனியாக என்ன சமைக்கப் போகிறான் என்று நான்தான் வரச் சொன்னேன்.

கேரட், பீன்ஸ், குடமிளகாய், வெங்காயம் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி உப்புத் தூவி வைத்தேன். காயில் இருக்கிற தண்ணீர் இறங்கிவிட்டால் கறி உதிராமல் நிற்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். துணியில் கட்டிப் பிழிகிற வேலையை அவர் வாங்கிக்கொண்டார். அந்த வேலைக்கு அவர் கைதான் சரி. துணி முறுக்க முறுக்க ஆரஞ்சுத் தண்ணீர் ஒழுகியது. இதற்கு மேல் பிழிந்தால் துணி கிழிந்துவிடும் என்று நான் சொல்லியும் விடவில்லை.

"தண்ணின்னா இன்னான்னு எனக்குத் தெரியும்மே," என்றார். "மேல இருந்தா ஆவியாப் பூடும். அடியில மாட்டிக்கினாத்தான் பேஜாரு. தூக்கி அட்ச்சிரும்."

தம்பி சிரிக்கவில்லை. மழையில் நனைந்த ஸ்கிராப் இரும்பைப் பார்க்காமல் போட்டுவிட்டால் உலை கக்கிவிடும் என்று எனக்கு விளக்கினான். அது ஒன்று. லைனிங் பிளந்தால் அது இன்னும் பெரியது. அந்தப் பூச்சுக்குப் பின்னால் செப்புக் குழாயில் தண்ணீர் ஓடுகிறதாம், உலையைச் சுற்றிச் சுற்றி. விரிசல் வழியாக உருகின இரும்பு போய் அந்தக் குழாயைத் தொட்டுவிட்டால் முன்னால் நிற்கிறவர்களுக்கு ஓடவும் நேரம் இருக்காது என்றான். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பார்ப்பது என்றான். சொல்லும்போது அவன் கண் என் மேலும் இல்லை, அவர் மேலும் இல்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அந்தக் குழாயைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதே இல்லை. சாப்பாட்டு வேளையில் இன்னாத்துக்கு இதெல்லாம் என்று அவர் பேச்சை வெட்டினார்.

காயை லேசாக வதக்கி ஆறவைத்தேன். ரஸ்க்கைப் பொடித்துப் பாலில் ஊறவைத்து, முட்டை, மிளகு, இஞ்சி பூண்டு, பச்சைமிளகாயோடு கைமாவில் சேர்த்துப் பிசைந்தேன். ரொம்ப அழுத்தினால் செங்கல் ஆகிவிடும். மகளின் பழைய கேக் டின்னில் எண்ணெய் தடவி அமுக்கினேன். கொழுப்பே இல்லாத கறி பச்சையாகப் பார்க்கவே கறுஞ்சிவப்பாக, கடுகடுவென்று இருந்தது. மேலே பூசுவதற்குத் தக்காளி சாஸ், வெல்லம், கொஞ்சம் புளிக்கரைசல், மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்கவைத்தேன். வீடு முழுக்க அந்த வாசனை. அப்போது மட்டும் எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

கறி முக்கால் பதம் வெந்ததும் டின்னை வெளியே எடுத்துப் பாகைப் பூசித் திரும்ப உள்ளே வைத்தேன். மேல்பாகம் அப்போது வழவழவென்று, கீறல் இல்லாமல்தான் இருந்தது. நான் ரசத்துக்குத் தாளிக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும். ஓவனைப் பார்த்துக்கொள்கிற வேலையை அவரிடம் கொடுத்தேன். பாகு மினுமினுவென்று சிவந்தால் சொல்ல வேண்டும், ஓரம் கறுத்தாலோ மேலே வெடித்தாலோ உடனே சொல்ல வேண்டும். வெல்லம் ஒரு நொடியில் கருகிவிடும் என்றேன்.

"உலை பாக்குறவனுக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து ஓவனுக்கு முன்னால் போட்டுக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து நீலக் கண்ணாடியை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, பெரிய மெல்டர் தோரணையில் குனிந்து பார்த்தார். நாங்கள் சிரித்தோம். நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அந்த மங்கல் வெளிச்சத்தில் என்ன தெரியும்? அவரும் சிரித்துக்கொண்டே அதை மடியில் வைத்தார். பிறகு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, இன்னும் கலர் வரவில்லை என்றார். இரண்டாவது தடவை, "நல்லாத்தான் கீது, வுடு," என்றார். குரலில் துளி சந்தேகம் இல்லை. உலைக்கு முன்னாலும் இப்படித்தான் சொல்வார் என்று இப்போது தோன்றுகிறது.

கருகல் வாசனை மூக்கில் ஏறியதும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓவனின் கண்ணாடிக் கதவு சுத்தமாக இருந்தது, உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. பாகின் ஓரம் முழுக்கக் கறுப்பாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. கறியின் நடுவில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு விரிசல். நன்றாக வாய் பிளந்து, அதற்குள் சாறு கொதித்து மேலே வந்துகொண்டிருந்தது. அவர் முகத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை.

துணியைப் பிடித்து டின்னை வெளியே எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். ஏன் அதுக்குள்ள எடுத்துட்டே, நல்லாத்தானே கீது என்றார்.

கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும். அன்று வந்தது கோபம் இல்லை, பயம். பயத்துக்கும் அதே கதிதான்.

"இதுல விரிசல் வுட்டுக்கீது," என்றேன். "எங்கன்னு காட்டு."

அவர் குனிந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். ஜன்னல் வெளிச்சம் விழட்டும் என்று டின்னைத் திருப்பினார். பிறகு, நான் தடுப்பதற்குள், வலது கையின் ஆட்காட்டி விரலைக் கொதிக்கிற பாகின் மேல் வைத்துத் தடவிக்கொண்டே போனார். நடுவில் வந்ததும் விரல் உள்ளே இறங்கியது. அங்கே நிறுத்தினார்.

"இதான்," என்றார்.

வெல்லம் ஒட்டிக்கொண்ட விரலை இழுத்துக் குழாயடியில் பிடித்தேன். தோல் வெந்து போயிருந்தது.  உலைக்குள் விரல் வைத்துப் பார்க்க முடியாது என்று மட்டும் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது தம்பி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இது புதுசு இல்லை என்று அந்த முதுகைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான். கோடையிலிருந்தே அண்ணனுக்குக் கண்ணில் பனி படர்ந்த மாதிரி இருக்கிறதாம். லைனிங்கைப் பார்ப்பது இவன்தானாம். பின்னால் நின்றுகொண்டு இவன் 'சரி' என்று மெதுவாகச் சொன்னால், அவர் கையைத் தூக்குவாராம். யாருக்கும் தெரியாதாம்.

"நான் பாத்துக்கினுதான் கீறேன் அண்ணி," என்றான். "நீங்க பயப்படாதீங்க."

ஒரு நிமிஷம் நான் பயப்படவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. அப்புறம்தான் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. நேத்து நீ ஊத்துக்கோட்டையிலதானே இருந்தே, நேத்து யார் பாத்தது என்று கேட்டேன். அவன் அவரைப் பார்த்தான். அவனும் அந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டுக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

"நான்தான் பாத்தேன்," என்றார் அவர். "நல்லாத்தான் இருந்துச்சு."

"இதையும் நல்லாத்தான் கீதுன்னு சொன்ன."

 ஞாயிற்றுக்கிழமை உலையை அணைத்துப் போட்டிருப்பார்கள். திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டில் அவர் எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கினால் மறுபடி மூட்டுவார்கள். தம்பிக்கு அந்த வாரத்திலிருந்து செகண்ட் ஷிப்ட் போட்டிருந்தார்கள். அவன் உடனே சூப்பர்வைசருக்குப் போன் செய்து, காலையிலேயே வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தான். ஆள் கணக்குப் போட்டாகிவிட்டது, மாற்ற முடியாது என்று பதில். காரணம் என்ன என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு இவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டோம். கருகின ஓரத்தை வெட்டிப் போட்டுவிட்டால் கறிக்கேக் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். காய் கறியோடு சேர்ந்து மெத்தென்று இருந்தது. ஆனால் யாரும் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டவில்லை. கண்ணைக் காட்டலாம், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், கம்பெனியில் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் அன்றைக்கே உலையிலிருந்து இறக்கி கேட்டில் உட்காரவைத்துவிடுவார்கள் என்றார். கேட்டில் உட்கார்ந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்றேன். அவருக்கு அது முழுகுவதுதான். அந்தக் கை எழுந்தால் கிரேன் நகரும் என்பதை விட்டுவிட்டு, லாரிக்கு கேட் திறக்கிற கையாக அதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. உங்களைச் சுற்றி நிற்கிறவர்களுக்கும் வீடு இருக்கிறது, இதோ இவனுக்கும் இருக்கிறது என்றேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். விரலில் நான் சுற்றிவிட்ட துணி. மிச்சம் இருந்த கறிக்கேக்கைத் துண்டு போட்டு டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுத்தேன். நீலக் கண்ணாடியைத் தடவிப் பார்த்து எடுத்துப் பைக்குள் போட்டார். தம்பியின் வண்டி அன்று இல்லாததால் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. சண்டை போடுகிற தெம்பு எனக்கு இல்லை.

"எனக்குப் பயமா கீது," என்றேன்.  அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்று காலை நான் செய்த ஒரே வேலை அந்த கேக் டின்னைத் தேய்த்தது. வெல்லம் கருகிப் பிடித்தால் லேசில் போகாது. புளியைப் போட்டுத் தேய்த்தேன், சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன். சங்கு ஊதியது. அந்தப் பக்கம் கம்பெனிகளில் லாரியிலிருந்து இரும்பைக் கொட்டுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவள் நான். அன்று ஒவ்வொரு 'டம்'முக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். அவருடைய உலை எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் திசையில் புகை வராமல் இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணினேன். பிறகு, புகை வராவிட்டால் உலை எரியவில்லை என்றுதானே அர்த்தம், எரிந்து வருகிற புகையா வெடித்து வருகிற புகையா, எதற்கு ஜெபம் பண்ணுகிறேன் என்றே குழம்பிப் போனது.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே கேட் சத்தம் கேட்டது. அவர்தான். நனைந்துகொண்டு நடந்தே வந்திருந்தார். குடையை எங்கேயோ விட்டிருந்தார். டிபன் பாக்ஸ் திறக்காமல் கையில் இருந்தது.

துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தானாகவே பேசினார். உலைக்கு முன்னால் போய் நின்றாராம். கண்ணாடியை எடுத்து எட்டிப் பார்த்தாராம். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கை பாதி எழுந்ததாம். விரலில் துணி உரசினதும் வலித்ததாம். கையை இறக்கிவிட்டு, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, வேறு யாரையாவது லைட் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னாராம். ஒருவன் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டவன், அப்படியே வெளியே வந்து ஸ்விட்ச் போர்டில் நின்றவனைப் பார்த்துப் போடாதே என்று கை ஆட்டினானாம். உலையைப் பூட்டிவிட்டார்கள். லைனிங்கை முழுசாக உடைத்து எடுத்துப் புதுசாகப் பூச வேண்டுமாம். செகண்ட் ஷிப்டே கிடையாதாம். அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அப்புறம் வந்து பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி அன்று வேலைக்குப் போக வேண்டியதில்லை என்றதும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன்.

உலை ஆறினால் மயிரிழை மாதிரி விரிசல் வருவது சகஜம்தான் என்றார் அவர். சூடு ஏறினால் தானாக மூடிக்கொள்ளுமாம். இது அப்படி இல்லை, உள்ளே இரும்பு இறங்கி உறைந்து கிடப்பதை டார்ச் அடித்தவன் பார்த்தானாம், இன்றைக்கு வந்ததும் இல்லை என்றார். சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் அதில்தான் உருக்கிக்கொண்டிருந்தோம், நான்தான் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கினேன் என்றார்.

எவ்வளவு பெரிய விரிசல் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் துணியைப் பிரித்தார். வெந்து தோல் உரிந்திருந்த அந்த ஆட்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தார்.

"இவ்ளோ அகலம்," என்றார்.